அடியில் சிக்கியவர் எழுந்து நிற்க: 12 வாரத் தரைப்பயிற்சி வகுப்பு ஒன்றின் மதிப்புரை

தென்சென்னையில் ஒரு வணிகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயங்கும், தரையில் கட்டிப்பிடித்து மல்லாடும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சு மையம் ஒன்று, அடியிலிருந்து தப்பித்து எழுவது என்ற ஒரே பொருளுக்காகத் தனியாக 12 வார வகுப்பு நடத்துகிறது. வாரத்துக்கு மூன்று மாலைகள், ஒவ்வொரு மாலையும் 75 நிமிடம். மொத்தக் கட்டணம் 9,000 ரூபாய். மல்லாக்கத் தள்ளப்பட்டு, மேலே ஒருவர் ஏறி அமுக்கிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து எப்படி வெளியே வருவது, வந்தபின் எப்படிக் கால் ஊன்றி நிற்பது என்பதைத் தவிர வேறெதுவும் இங்கே கற்பிக்கப்படுவதில்லை. கழுத்து நெரிப்பு, கைப்பூட்டு, எதிராளியைக் கீழே வீழ்த்தும் உத்திகள் ஆகியவை எல்லாம் அதே மையத்தின் பிற வகுப்புகளுக்கு உரியவை. எனக்கு வயது 41, எடை 54 கிலோ. பள்ளியில் கணக்கு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். விட்டுவிட்டு நான்கு ஆண்டுகளாகத் தரைப்பயிற்சி செய்துவரும் எனக்கு, இவ்வளவு குறுகிய பொருளை இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் இடம் கிடைத்தது இதுவே முதல் முறை. குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன் என்பதால் மையத்தின் பெயரை இங்கே தரவில்லை. தம் ஊரில் இத்தகைய வகுப்பில் சேர நினைப்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும் என்று நம்புகிறேன்.

இதற்கு முன் நான் பயின்ற வேறோர் இடத்தில், தப்பித்தல் என்பது வகுப்பின் தொடக்கத்தில் பத்து நிமிடம் செய்து காட்டப்படும் சடங்காகவே இருந்தது. அதன்பின் நேராக முழுவேகப் பயிற்சிச் சண்டை. அங்கே என்னைவிட 30 கிலோ எடை கூடுதலான ஒருவர், நான் இரு கைகளையும் நீட்டி அவரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, முழங்காலை உயர்த்தி முழு எடையோடு என் விலாவின் மேல் இறக்கினார். விலாக் குருத்தெலும்பில் அடிபட்டு, ஆறு வாரம் இருமவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் இருந்தேன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கைகளை அப்படி நீட்டக் கூடாது என்று எனக்கும், எடையை அப்படி இறக்கக் கூடாது என்று அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. எடை குறைந்தவர் தரைக்கு வந்துவிட்டால் பெரும்பாலான நேரம் அடியில்தான் இருப்பார் என்பது எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, அவர் அதிக நேரம் இருக்கப்போகும் இடத்தைப் பற்றி அவருக்கு மிகக் குறைவாகச் சொல்லித்தருவதைப் பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இந்த வகுப்பின் முதல் இரண்டு வாரங்களில் யாரும் தப்பிக்க முயலவே இல்லை. ஒருவர் மல்லாந்து படுக்க, மற்றவர் குறுக்காக அவர் மார்பின் மேல் மார்பை வைத்து அமுக்குவார்; படுத்திருப்பவர் மூச்சுவிடப் பழக வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில்தான் பாதிப் பேர் திணறினார்கள். மூச்சை வெளியே விடும்போது மார்புக்கூடு சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை மேலே இருப்பவரின் எடை உடனே நிரப்பிக்கொள்கிறது. அடுத்த மூச்சை இழுக்க இடமில்லாததுபோல் தோன்றியதும் மனம் பதறுகிறது, பதறியவர் கைகால்களை உதறி இருந்த வலுவையும் தீர்த்துவிடுகிறார். முதுகு முழுவதும் தரையில் படிந்திருந்தால் இது இன்னும் மோசமாகும். சிறிதளவு ஒருக்களித்துத் திரும்பி, ஒரு பக்க விலாவுக்கு விடுதலை தந்து, சிறு சிறு மூச்சாக எடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. என்னைத் ‘டீச்சர்’ என்றே அழைக்கும் மாஸ்டர், நான் தடுமாறிய ஒவ்வொரு முறையும் அருகில் அமர்ந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: “டீச்சர், மொதல்ல மூச்சு, அப்புறம் கை, கடைசியாத்தான் இடுப்பு.” பாடத்திட்டம் முழுவதும் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கிறது.

கை என்று அவர் சொன்னது ஃப்ரேம் அமைப்பதை. எதிராளியின் கழுத்துக்கும் இடுப்புக்கும் எதிராக நம் முன்கை எலும்பைக் குறுக்கே நிறுத்துவதற்கு அந்தப் பெயர். இதில் புதியவர் செய்யும் தவறு, ஃப்ரேமைத் தள்ளுவதற்கான கருவியாக நினைத்துவிடுவது. கூரையைத் தூண் தள்ளுவதில்லை, தாங்குகிறது, அதனால்தான் களைப்பதில்லை. முன்கையும் முழங்கையும் அப்படித் தாங்கி நிற்க வேண்டும். இடத்தை உண்டாக்கும் வேலையை இடுப்பு செய்ய வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகி வெளியே போகக் கூடாது என்பதும், மேலே இருப்பவரின் மார்பை நோக்கிக் கைகளை நேராக நீட்டினால் அடுத்த நொடியே அந்தக் கை பூட்டப்படும் என்பதும் இங்கே நூறு முறையாவது நினைவூட்டப்பட்டிருக்கும். என் பழைய விலா அடிக்குக் காரணமே நான் அப்படிக் கைகளை நீட்டியிருந்ததுதான் என்பதை இவ்வகுப்பின் இரண்டாம் வாரத்தில்தான் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் வாரம் முதல் மவுண்ட், அதாவது எதிராளி நம் வயிற்றின் மேல் கால் பரப்பி அமர்ந்திருக்கும் நிலை. இதற்கு உலகெங்கும் சொல்லித்தரப்படும் இரண்டு வழிகளைத்தான் இவர்களும் சொல்லித்தருகிறார்கள். ஒன்று பிரிட்ஜ்: எதிராளியின் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் சிறைப்படுத்திக்கொண்டு, இடுப்பை மேலே எறிந்து, அந்தப் பக்கத் தோளின் மேலாக அவரைப் புரட்டுவது. நேர் மேலே தூக்கினால் அவர் மீண்டும் நம்மீதே இறங்குவார். சாய்வாகத் தோளைக் கடந்து தூக்கினால்தான், ஊன்றக் கையில்லாத பக்கமாக அவர் சரிவார். மற்றொன்று முழங்கையை முழங்காலோடு சேர்க்கும் வழி: ஒரு காலைத் தரையோடு கிடத்தி, ஒருக்களித்து, இறால்போல் உடலை மடக்கி இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, முழங்கால் நுழையும் அளவுக்கு இடம் கண்டு, முதலில் ஒரு காலையும் பிறகு மறு காலையும் இருவருக்கும் நடுவே கொண்டுவருவது. ஷ்ரிம்ப் என்று இதற்கு ஏன் பெயர் வந்தது என்பதை மீன் சந்தைக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் முன்பு இந்த இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்தேன். இரண்டும் எனக்குப் பலித்ததில்லை. இங்கே அவை ஒன்றுக்கொன்று வாசல் திறக்கும் என்று காட்டினார்கள். பிரிட்ஜைத் தடுக்க வேண்டுமானால் மேலே இருப்பவர் கையைத் தொலைவில் ஊன்றி முழங்கால்களை அகட்ட வேண்டும். அகட்டினால் என் முழங்கைக்கும் முழங்காலுக்கும் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை அடைக்க அவர் தாழ்ந்து முழங்கால்களை இறுக்கினால் அவருடைய அடித்தளம் குறுகிவிடுகிறது; பிரிட்ஜுக்கு அதைவிட நல்ல வேளை வேறில்லை. ஒரு வாரம் முழுவதும் இந்த மாறிமாறிச் செய்தல் மட்டுமே நடந்தது. வகுப்புக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு எனக்கு அந்த ஒரு வாரத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

பக்கவாட்டு அமுக்கு, அதாவது எதிராளி நம் மார்பின் மேல் குறுக்காகக் கிடந்து அமுக்கும் சைட் கன்ட்ரோல், ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை நீண்டது. நீண்டதில் தவறில்லை. உண்மையில் நாம் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதான். மேலே இருப்பவரின் தோள் நம் தாடையை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் முதுகெலும்பும் அதைத் தொடர்ந்து திரும்பிவிடும்; பிறகு அவர் பக்கம் திரும்ப நம்மால் இயலாது. ஆகவே முகத்தை மீட்பது முதல் வேலை. அவர் பக்கமாகவே ஒரு பிரிட்ஜ் செய்து, அவர் எடையை மீண்டும் பதிக்கும் முன் இடுப்பை எதிர்ப்பக்கம் இழுத்து, கீழ் முழங்காலை உள்ளே செருகுவது இரண்டாவது வேலை. எடை பதிந்த பிறகு முயன்றால் மூன்று மடங்கு உழைப்பு; பதிவதற்கு முந்தைய ஓரிரு நொடிகளில் முயன்றால் ஏறக்குறைய இலவசம். இடம் கிடைத்தும் முழங்கால் நுழையாதபோது, அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து, அதாவது அண்டர்ஹூக் எடுத்து, முழங்கால்களுக்கு வந்து எதிராளியின் காலைப் பற்றுவது மூன்றாவது வழி. என்னைப் போன்ற எடை குறைந்தவருக்கு இந்த மூன்றாவது வழிதான் அதிகம் உதவியது. ஆனால் அதற்கு மாஸ்டர் ஒதுக்கியது இரண்டே மாலைகள்.

ஜூடோவில் கெசா-கதாமே எனப்படும் பிடி, அதாவது தலையையும் ஒரு கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் உட்காரும் பிடி, தனியாக ஒரு வாரம் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜிகோரோ கானோ 1882இல் நிறுவிய கொடோகன் ஜூடோப் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலை அடைந்ததிலிருந்து கிளைத்ததே பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்பதால், இங்கே பழைய பிடிகள் ஜப்பானியப் பெயரோடே புழங்குகின்றன. பயிற்சி பெறாத ஒருவர் தெருச்சண்டையில் இயல்பாகவே கழுத்தைச் சுற்றிக் கையைப் போடுவார் என்பதால் இதற்கு முக்கியத்துவம் தந்தது எனக்குச் சரியாகப் பட்டது. சிறைப்பட்ட முழங்கையைத் தரையை நோக்கி இழுத்து மீட்பதே இதற்கான மருந்து. மற்றவை எல்லாம் அதன்பின் வருபவை.

வயிற்றின் மேல் முழங்கால் ஊன்றும் நிலையைக் கற்பித்த மாலையில் எனக்குப் புறநானூற்றுப் புலவர் சாத்தந்தையார் நினைவுக்கு வந்தார். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் பாடும்போது, ஒரு கால் மார்பில் அழுந்தியிருக்க மறு கால் பின்புறம் வளைந்து நின்றதைத்தான் அவர் குறிப்பாகச் சொல்கிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பாட்டைப் பள்ளியில் வாசித்தபோது அது எனக்கு வீரத்தின் வருணனையாக மட்டுமே இருந்தது. ஒரு முழங்கால் என் நெஞ்சின் கீழ் இறங்கியபோது, அதைப் பார்த்து எழுதியவர் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார் என்று வியந்தேன். வென்றவரின் கோணத்தில் எழுதப்பட்ட பாட்டு அது. அடியில் கிடந்த மல்லன் அந்த முழங்காலை இடுப்பை விலக்கி வழுக்கிவிட முயன்றிருப்பான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இனி, எழுந்து நிற்பது. வகுப்பின் பெயரில் பாதி இதற்கு உரியது. ஆனால் கிடைத்தது கடைசி இரண்டரை வாரங்கள் மட்டுமே. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. இதன் வேர் அந்த மையத்தைத் தாண்டி, விளையாட்டு விதிகளில் இருக்கிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுப் போட்டிகளில் மவுண்ட் நிலையை மூன்று விநாடி நிலைநிறுத்தியவருக்கு நான்கு புள்ளிகள். அதிலிருந்து தப்பித்தவருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே அடியில் இருப்பவர் கால்களை நடுவே கொண்டுவந்து, அவற்றால் எதிராளியைத் தடுத்துவைக்கும் கார்டு நிலையை அடைந்ததும் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடப் பழகுகிறார். ஜூடோவில் 20 விநாடி பிடித்துவைத்தால் ஆட்டமே முடிந்தது. ஒரு காலத்தில் 30 விநாடியாக இருந்த இந்தக் கணக்கு 25ஆகி, இன்று 20இல் நிற்கிறது. எதிராளியின் ஒரு காலைத் தம் கால்களால் பின்னிக்கொண்டாலே நடுவர் ‘டோகெட்டா’ என்று அறிவித்துக் கணக்கை நிறுத்திவிடுவார் என்பதால், ஜூடோக்காரர் பின்னிக்கொள்வதோடும் குப்புறத் திரும்பிக்கொள்வதோடும் நின்றுவிடுகிறார். வட இந்திய அக்காடாக்களில், அதாவது மல்யுத்தப் பயிற்சிக்கூடங்களில், நடக்கும் குஸ்தியில் முதுகு மண்ணில் படிந்தால் தோல்வி. அங்கும் குப்புறக் கிடப்பதே பாதுகாப்பு. ஆனால் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் அடியிலிருந்து விடுபட்டவருக்கு ஒரு புள்ளியும், நிலையைத் தலைகீழாக்கி மேலே வந்தவருக்கு இரண்டு புள்ளிகளும் உண்டு. எழுந்து நிற்பதற்குப் புள்ளி தரும் அந்த விளையாட்டில்தான் எழுந்து நிற்கும் கலை தழைத்திருக்கிறது: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிய நிலையிலிருந்து முதலில் எதிராளியின் மணிக்கட்டைப் பற்றுவது, ஒரு பாதத்தை ஊன்றி நிமிர்வது, முதுகால் அவரைப் பின்னுக்கு அழுத்தியபடி இடுப்பை முன்னே தள்ளிப் பிடியை அறுப்பது என்று ஒழுங்கான வரிசை அங்கே இருக்கிறது.

இந்த வரிசையை இவ்வகுப்பு ஒரே மாலையில் கடந்துவிட்டது. கற்பித்தவர் ஜியு-ஜிட்சுவில் ஊறியவர் என்பதால் கார்டு நிலைக்கு வந்ததும் அவரும் நிம்மதி அடைந்துவிடுகிறார். அதே நேரத்தில், டெக்னிக்கல் ஸ்டாண்ட்-அப் எனப்படும் எழும் முறையை மிக நன்றாகச் சொல்லித்தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கை பின்னால் ஊன்றி, அதற்கு எதிர்ப்பக்கப் பாதம் முன்னால் ஊன்றி, மறு காலால் எதிராளியைத் தொலைவில் நிறுத்தி, மறு கையால் முகத்தைக் காத்து, இடுப்பை உயர்த்தி, அந்தரத்தில் இருக்கும் காலை உடலுக்கு அடியிலேயே பின்னால் இழுத்து, ஊன்றிய கைக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்த பிறகே நிமிர வேண்டும். முழங்காலைத் தரையில் வைத்து எழுவதும், எழும்போது தரையைப் பார்ப்பதும் எவ்வளவு பழகிப்போன செயல்கள் என்பதைக் காணொளியில் என்னையே பார்த்தபோதுதான் உணர்ந்தேன். எதிராளி நெருக்கமாக இருக்கும்போது இந்த முறை பலிக்காது, முதலில் காலால் இடைவெளி உண்டாக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

சுவர் இல்லாததை இதைவிடப் பெரிய குறை என்பேன். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் கூண்டின் வலையில் முதுகைச் சாய்த்து எழுவது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. நம் வீடுகளிலும் தெருக்களிலும் சுவரோ, நிறுத்திவைத்த வண்டியோ இல்லாத இடம் அரிது. அவற்றில் சாய்ந்து, அக்குளுக்கு அடியில் ஒரு கையை நுழைத்து, பாதங்களை உடலுக்கு அடியில் இழுத்து எழுவதை எடை குறைந்தவர் கட்டாயம் கற்க வேண்டும். இந்த மையத்தின் சுவர்களில் மெத்தை பொருத்தப்படவில்லை, ஆகையால் அந்தப் பாடமும் இல்லை.

பயிற்றும் முறையைப் பற்றிச் சில சொற்கள். ஒவ்வொரு சுற்றும் அடியில் மாட்டிய நிலையிலேயே தொடங்குகிறது. மேலே இருப்பவரின் வேலை 20 விநாடி பிடித்துவைப்பது. சுற்றியிருப்பவர்கள் உரக்க எண்ணுகிறார்கள். முதலில் பாதி வலு, பிறகு முக்கால், கடைசி மூன்று வாரங்களில் முழுவலு. தப்பித்ததும் மீண்டும் அதே இடத்தில் படுக்க வேண்டும். நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். மூன்றாம் வாரத்தில், என்னைவிட 18 கிலோ கூடுதலான ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து பத்து முயற்சிகளில் ஒருமுறைகூட 20 விநாடிக்குள் வெளியே வரவில்லை. பதினோராம் வாரத்தில், அவர் உண்மையாகவே அமுக்கியும், பத்தில் நான்கு முறை வந்தேன். அவற்றில் இரண்டு முறை எழுந்தும் நின்றேன். “அக்கா, இப்ப உங்களப் பிடிச்சு வைக்கிறது கஷ்டமா இருக்கு” என்று அவர் சொன்னது, ஆசிரியையாக இருபது ஆண்டுகளில் நான் பெற்ற எந்தப் பாராட்டுக்கும் குறைந்ததில்லை.

பெண்களுக்கு வாரத்தில் ஒரு மாலை தனி நேரம் உண்டு. ஆணோடு பயில்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் முன் கேட்கிறார்கள், வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. மார்போடு மார்பு அழுந்தும் பயிற்சியில் இந்தக் கேள்வி எவ்வளவு தேவை என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டுவதற்குக் கை அகப்படாதபோது வாயால் “டேப்” என்று சொன்னாலும் உடனே விட்டுவிட வேண்டும் என்ற விதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நகம் வெட்டாதவர் பாயில் ஏற முடியாது. சென்னையின் புழுக்கத்தில் படர்தாமரை ஒருவரிடமிருந்து எல்லாருக்கும் பரவிவிடும் என்பதால் ஒவ்வொரு வகுப்புக்கும் முன் பாய்களைக் கிருமிநாசினியால் துடைக்கிறார்கள். பாய்கள் 40 மில்லிமீட்டர் கனமுள்ளவை, விழுவதற்குப் போதும். ஆனால் ஜிக்சா இணைப்புகள் சில இடங்களில் தளர்ந்து, ஷ்ரிம்ப் செய்யும்போது கால்விரல் சிக்குகிறது. அதைச் சரிசெய்யும்படி இரண்டு முறை சொன்னோம். வகுப்பு முடியும்வரை சரிசெய்யப்படவில்லை.

ஒரு தொகுதிக்கு 22 பேர், அவர்களுக்கு ஒரு மாஸ்டரும் ஓர் உதவியாளரும் என்பது அதிகம். பிரிட்ஜ் செய்யும்போது தோள்களில் எடையைத் தாங்காமல் தலையிலும் கழுத்திலும் தாங்கியவர்கள் பலர். எல்லாரையும் திருத்த இருவரால் முடியவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சேரவே கூடாது. சேர்க்கைப் படிவத்தில் இதைப் பற்றிய கேள்வியே இல்லாதது எனக்குக் கவலையளித்தது.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு, 12 வாரத்தில் பெண்கள் எந்த ஆணிடமிருந்தும் தப்பலாம் என்கிறது. வகுப்புக்குள் மாஸ்டர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பத்தில் நான்கு என்பது நான் அறிந்த, நம்பிக்கையோடு என்னைப் பிடித்த ஒரு மாணவரிடம் கிடைத்த கணக்கு. அடிக்கவும் கடிக்கவும் தயாராக இருக்கும் ஒருவரிடம் அது எவ்வாறாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. உள்ளே இவ்வளவு நேர்மையாக நடக்கும் வகுப்புக்கு வாசலில் அப்படியொரு வாக்குறுதி தேவையில்லை.

ஆறு மாதமாவது தரைப்பயிற்சி செய்து, எப்போதும் அடியிலேயே நேரம் கழிகிறது என்று சோர்ந்திருப்பவர்களுக்கு இவ்வகுப்பை முழுமனத்தோடு பரிந்துரைக்கிறேன். முற்றிலும் புதியவர்கள் முதலில் அடிப்படை வகுப்பில் இரண்டு மாதம் பழகிவிட்டு வருவது நல்லது. என் தொகுதியில் இடையில் நின்றுவிட்ட ஐவரும் புதியவர்களே. அடுத்த தொகுதியிலும் நான் சேர்ந்திருக்கிறேன். இம்முறை கடைசி நான்கு வாரங்கள் எழுந்து நிற்பதற்கே ஒதுக்கப்படும் என்றும், கிழக்குச் சுவரில் மெத்தை பொருத்தப்படும் என்றும் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.